‘பிறேக்டவுன்’ என்றொரு சொல்

பஸ் நடுவழியில் நின்றால் “பிறேக்டவுன்” என்கிறோம். இந்த ஆங்கிலச் சொல் எங்கள் பேச்சில் எப்போதோ தமிழாகிவிட்டது. பழுதாகி நிற்பது மட்டும்தான் அதன் கருத்து என்று நினைத்திருந்த நான், ஆங்கிலப் பயிற்சியொன்றில் நன்றாக மாட்டிக்கொண்டேன். விழாவொன்றின் செலவுக்கு ‘பிறேக்டவுன்’ தருக என்றிருந்தது. செலவு எப்படிப் பழுதாகும் என்று யோசித்தே நேரம் போய்விட்டது.

இரு சொல்லாகப் பிரித்து எழுதினால் அது வினை. சேர்த்து எழுதினால் பெயர். வினையில் ‘டவுன்’ அழுத்தம் பெறும், பெயரில் ‘பிறேக்’. இறந்தகாலம் ‘பிறோக் டவுன்’.

உயிரியல் படிப்பவர்களுக்கு இது தினமும் வரும் சொல். பாண் துண்டொன்றை நன்றாக மென்றுகொண்டிருந்தால் சற்று நேரத்தில் இலேசாக இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு நொதியம் மாப்பொருளை மோல்ற்றோசாக ‘பிறேக் டவுன்’ செய்கிறது. இங்கே எதுவும் பழுதாகவில்லை. பெரியது சிறியதாகப் பிரிகிறது, அவ்வளவுதான்; பிரியாவிட்டால் உடம்பில் சேராது. மொத்தச் செலவை அரிசிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதும் இதே கருத்தில்தான். பேச்சுவார்த்தை முறிவதையும் இச்சொல்லாலேயே சொல்வார்கள்.

ஒரு மனிதர் ‘பிறோக் டவுன்’ என்றால், அடக்கமுடியாமல் அழுதுவிட்டார் என்று பொருள். ‘நேர்வஸ் பிறேக்டவுன்’ என்பது வேறு. நரம்பு எதுவும் அறுந்துபோவதில்லை. மனம் தாங்கமுடியாமல் அன்றாட வேலைகளே நின்றுபோகும் நிலை அது. பேச்சுவழக்குச் சொல்தான், வைத்தியர்கள் அதை ஒரு நோயின் பெயராக எழுதுவதில்லை. மனச்சோர்வு, பதகளிப்பு என்று குறிப்பாகவே சொல்வார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் சாச்சிக்கு இது வந்தது. சமைக்கவில்லை, தூங்கவில்லை, பிள்ளைகளோடுகூடப் பேசவில்லை. பார்க்க வந்தவர்களிடம் “பிரஷர்” என்றே வீட்டில் சொன்னோம். நானும் சொன்னேன். வாப்பாவின் திறீவீலர் நின்றால் தெருவே கூடித் தள்ளும். சாச்சிக்கு அப்படி யாரும் வரவில்லை. நாங்கள் சொன்னால்தானே வருவதற்கு? வைத்தியரிடம் கூட்டிப்போகவே மூன்று மாதம் சென்றது.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகம். இதை எழுதமுன் அவரிடம் சம்மதம் கேட்டேன்.

“எழுதுங்க மகள்” என்றார். “பிரஷர் எண்டு மட்டும் எழுதிடாதீங்க.”