உரிமைகள் மலையேற 26 ஆண்டுகள்... கல்வராயன் மலை சொல்லும் பாடம்!

1950 ஜனவரி 26-ல் நம் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே, கட்டாய உழைப்புக்குத் தடை விதித்துவிட்டது. ஆனால், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது 1976-ல்தான். அதுவரை அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள் மலைமக்கள். உரிமைகள் சட்டத்தில் இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு!

பிரிட்டனில் நடந்த விவாதமும் இதைத் தொட்டதுதான். அங்குள்ள 1998-ம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தை நீக்கிவிட்டு, சொந்தமாக ஓர் 'உரிமைகள் சாசனம்' கொண்டுவர 2022 ஜூனில் மசோதா தாக்கலானது. ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் பார்த்து நடக்காமல், எங்கள் நாடாளுமன்றமும் நீதிபதிகளுமே முடிவு செய்யட்டும் என்பது ஆதரவாளர்கள் வாதம். வழக்குப் போடவே முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிறதே, இது உரிமையைக் குறைக்காதா என்றார்கள் எதிர்ப்பாளர்கள். 2023 ஜூனில் மசோதா கைவிடப்பட்டது.

இந்தியாவில் இரண்டுமே இருக்கின்றன. அடிப்படை உரிமைகள் மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தையோ, உயர் நீதிமன்றத்தையோ நேரடியாக நாடலாம். 1993-ம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த ஆணையங்கள், விசாரித்துப் பரிந்துரை செய்யும். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

சொந்தச் சாசனம் மட்டும் போதுமா? நெருக்கடி நிலைக் காலமான அதே 1976-ல், சட்டவிரோதக் காவலை எதிர்த்துக்கூட நீதிமன்றம் வர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உயிர்வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி, 1978-ல் 44-வது திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு, கல்வராயன் மலைமக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. மலைமக்கள் யாரும் மனுவோடு சென்னைக்கு வர வேண்டியிருக்கவில்லை. ஆனால், நீதிமன்றத்தின் பார்வை மலை மீது விழ, இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

சட்டத்தின் பெயர் எதுவானாலும், சாமானியர் எளிதாக முறையிட முடிகிறதா, உத்தரவுக்கு அரசு கட்டுப்படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்று தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குப் புகார் அனுப்பக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்புவது முக்கியம்!