லோணி உழவர் நிறுவிய ஆலை

வெட்டிய கரும்பை ஓரிரு நாட்களுக்குள் பிழிந்தாக வேண்டும். காலம் தாழ்ந்தால் எடையும் குறையும். சர்க்கரைச் சத்தும் குறையும். சோளத்தைப் போல நல்ல விலை வரும்வரை அதைக் குதிரில் வைத்துக் காக்க இயலாது. வட்டாரத்தில் இருப்பது ஒரே ஆலை, அதுவும் தனியாருடையது என்றால், விலையை முடிவு செய்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்நிலைக்கு மாற்றாக, ஆலையையே உழவர்களின் உடைமையாக்க முடியும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் மகாராஷ்டிரத்தின் விட்டல்ராவ் விகே பாட்டீல். 1980ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்த அவருடைய ஏறத்தாழ எண்பதாண்டு வாழ்வு, கிராம வளர்ச்சி குறித்துச் சிந்திப்போருக்குப் பல பாடங்களைத் தருகிறது.

வறட்சியும் வாய்க்காலும்

விகே பாட்டீலின் ஊராகிய லோணி, அகமதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. (இம்மாவட்டம் 2024இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால் வறட்சி இங்குப் புதிதன்று. கடன் சுமையும் புதிதன்று. 1875இல் புனே, அகமதுநகர் மாவட்டங்களின் உழவர்கள் லேவாதேவிக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து கடன் பத்திரங்களைக் கைப்பற்றி எரித்தனர்.

பிரவரா ஆற்றின் குறுக்கே பண்டாரதராவில் கட்டப்பட்ட அணை 1926இல் நிறைவடைந்தது. வாய்க்கால்களில் நீர் வந்தது. ஆனால் நீருடன் செல்வமும் தானாக வந்துவிடவில்லை. கரும்பு நிலத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை நிற்கும் பயிர். அதுவரை உரம், பாசன வரி, கூலி அனைத்திற்கும் முதல் தேவை. சிறு உழவரிடம் அது இல்லை. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் வெல்லத்தின் விலையும் வீழ்ந்தது. தனியார் சர்க்கரை நிறுவனங்கள் குத்தகைக்கு நிலம் பெற்று, பெரும் பரப்பில் தாமே கரும்பு பயிரிட்டன. பாசனம் வந்த பின்பும் நிலத்துக்கு உரியவரின் கையில் எஞ்சியது குத்தகைப் பணமே.

கடன் சங்கத்தில் தொடக்கம்

விகே பாட்டீலின் பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்புடன் நின்றுவிட்டது. ஆயினும் 1923இல், அணை முடிவதற்கு முன்பே, அவர் லோணியில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை அமைப்பதில் முன்னின்றார். அக்காலக் கிராமக் கடன் சங்கங்கள் பெரும்பாலும் வரம்பற்ற பொறுப்புடையவை. ஒருவர் கடனைத் திருப்பாவிட்டால் அச்சுமை மற்ற உறுப்பினர்கள் மீதும் விழும். எனவே அண்டை வீட்டாரின் நாணயத்தை அறிவதும், கணக்கைத் தெளிவாக வைப்பதும், தவணை தவறுவோரிடம் முகம் பாராமல் கேட்பதும் சங்கத்தின் உயிர்நாடிகளாயின.

பின்னாளில் தோன்றிய ஆலைக்கு உண்மையான அடித்தளம் இப்பயிற்சியே எனலாம். ஓர் ஆலைக்கு வேண்டிய பெருந்தொகையைப் பிறர் நம்பித் தர வேண்டுமானால், சிறு தொகையைக் கையாண்டதில் ஏற்கெனவே நம்பிக்கை பெற்றிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை ஈட்ட அவருக்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

பொருளியலாரும் உழவரும்

1945இல் தக்காணப் பாசனப் பகுதி உழவர்களின் மாநாடு ஒன்று நடைபெற்றது. தலைமை தாங்கியவர் புனே கோகலே அரசியல், பொருளாதார ஆய்வு நிலையத்தின் இயக்குநர் தனஞ்சயராவ் காட்கில். உழவர்களே கூட்டுறவு முறையில் சர்க்கரை ஆலை நிறுவலாம் என்ற கருத்து அங்கு வலுப்பெற்றது. 1930களில் நாட்டின் வேறு பகுதிகளில் செய்யப்பட்ட இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஆதலால் ஐயுற்றோர் பலர்.

விகே பாட்டீலும் அவருடைய தோழர்களும் கிராமம் கிராமமாகச் சென்று பங்குத் தொகை திரட்டினர். பம்பாய் மாகாண அமைச்சராக இருந்த வைகுந்த மேத்தாவின் ஆதரவும், மாகாணக் கூட்டுறவு வங்கியின் உதவியும், 1948இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழில் நிதிக் கழகத்தின் கடனும் துணை நின்றன. காட்கில் ஆலையின் முதல் தலைவரானார். 1950-51ஆம் பருவத்தில் பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரைவையைத் தொடங்கியது. ஏட்டறிவும் பட்டறிவும் இங்கு ஒன்றையொன்று நிறைவு செய்தன. காட்கில் பின்னர் 1967இல் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார். விகே பாட்டீல் 1961இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆலை இயங்கும் முறை

கூட்டுறவு ஆலையில் பங்கு எத்தனை இருப்பினும் உறுப்பினர் ஒருவருக்கு ஒரே வாக்கு. கரும்பு வந்ததும் முன்பணம் தரப்படும். சர்க்கரை விற்ற பின், செலவு போக எஞ்சியதைக் கணக்கிட்டு இறுதி விலை வழங்கப்படும். ஆகவே ஆலையின் ஆதாயம் தனி முதலாளியிடம் சேராமல் கரும்பு விலையாகவே உழவரிடம் திரும்புகிறது. கரும்பு விலையில் ஒரு சிறு பகுதி வைப்புத் தொகையாகப் பிடித்தம் செய்யப்பட்டு, கடனை அடைக்கவும் ஆலையை விரிவாக்கவும் பயன்படுகிறது. வெட்டுவதற்கும் ஏற்றி வருவதற்கும் ஆலையே ஏற்பாடு செய்வதால், யாருடைய கரும்பு எப்போது வரவேண்டும் என்பது முறைப்படுத்தப்படுகிறது.

பிரவராவின் வெற்றியைக் கண்டு மகாராஷ்டிரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் தோன்றின. ஆலையைச் சுற்றி எழுந்த பிரவராநகரில் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் வளர்ந்தன.

எஞ்சிய கேள்விகள்

இவ்வளர்ச்சியின் எல்லைகளையும் நோக்க வேண்டும். உறுப்பினராவதற்குக் கரும்பு வேண்டும். கரும்புக்கு நிலமும் நீரும் வேண்டும். பீடு போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் குடும்பத்துடன் பெயர்ந்து வந்து கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு ஆலையில் பங்கில்லை, வாக்கில்லை. பயிர்ப் பரப்பில் சிறு பங்கே பெறும் கரும்பு, மாநிலத்தின் பாசன நீரில் பெரும் பங்கைக் கொள்கிறது. பிற்காலத்தில் பல ஆலைகளின் நிர்வாகம் அரசியல் செல்வாக்கிற்கு ஏணியாயிற்று. நலிவுற்ற சில ஆலைகள் தனியார் கைக்கே திரும்பின.

இவற்றால் விகே பாட்டீலின் பணி சிறுமையடைவதில்லை. அதன் பொருள் மேலும் தெளிவாகிறது. சட்டமும் கடனும் இயந்திரமும் அரசு தரக்கூடியவை. ஒருவர் கணக்கை மற்றொருவர் கேட்கும் உரிமையும், கேட்டால் விடை கூறும் கடமையும் ஊராரிடையே வளர வேண்டியவை. லோணியில் ஆலை எழுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அவை ஒரு சிறிய கடன் சங்கத்தில் பழக்கத்திற்கு வந்தன. அப்பழக்கம் தளர்ந்த இடங்களில் ஆலைகளும் தளர்ந்தன. நிலமற்றவரும் அக்கணக்கைக் கேட்கும் நிலை வரும்போதே, அந்த உழவர் தொடங்கிய பணி முழுமை பெறும்.