முயல் ஏன் ஓடணும்? ஆமை ஏன் ஜெயிக்கணும்? சிறுவர் நாடக மேடையில் மாறும் விலங்குக் கதைகள்

நரின்னா தந்திரம், கழுதைன்னா முட்டாள், ஆமைன்னா பொறுமை. நாம எல்லாரும் இப்படித்தான் கதை கேட்டு வளர்ந்தோம். ஆனா இன்றைய நாடக மேடையில் இதே விலங்குகள் வேறு மாதிரி பேசுகின்றன. அதில் முக்கியமான ஒரு முயற்சி நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் நடந்தது.

பழைய கதைகள் யாருக்காக?

பஞ்சதந்திரம் குழந்தைகளைத் தூங்க வைக்க வந்த கதை இல்லை. இளவரசர்களுக்கு ஆட்சி நடத்தக் கற்றுக்கொடுக்க விஷ்ணு சர்மா சொன்னதாகவே அந்த நூல் தொடங்குகிறது. தாண்டவராய முதலியார் 1826-ல் அதைத் தமிழ் உரைநடையில் தந்தார். பிறகு அது பாடப்புத்தகத்துக்கு வந்தது. கடைசியில் ஒரு வரி நீதியும் ஒட்டிக்கொண்டது.

இன்றைய நாடகங்கள் கைவைப்பது அந்தக் கடைசி வரியில்தான். நீதிக்குப் பதில் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகின்றன.

வானூர் பக்கம் ஓடிய முயல்

ஆரோவில் அருகே, வானூர் தாலுகாவில் இருக்கிறது ‘ஆதிசக்தி’ நாடக ஆய்வு மையம். இதை நிறுவியவர் 2014-ல் மறைந்த வீணாபாணி சாவ்லா. அவர் இயக்கிய நாடகங்களில் ஒன்று ‘முயலும் ஆமையும்’.

நமக்குத் தெரிந்த பந்தயம்தான். ஆனா அதோடு அர்ச்சுனன் - ஏகலைவன் கதையையும் அவர் கோர்த்தார். ஒருத்தருக்கு குரு பக்கத்துலயே இருக்கார். இன்னொருத்தர் கட்டை விரலையே கொடுக்க வேண்டியிருக்கு. அப்போ இது சமமான பந்தயமா? முதலில் வருவதுதான் வெற்றியா?

இது குழந்தைகளுக்கு மட்டுமான நாடகம் இல்லை. ஆனா ரேங்க் பட்டியல் பார்த்து வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கேள்வி சொந்தம்.

கூண்டுக்குள் ஒரு கிளி

இன்னொரு உதாரணம், ரவீந்திரநாத் தாகூர் 1918-ல் எழுதிய கிளிக் கதை. கிளிக்குப் படிப்பு வரணும்னு ராஜா உத்தரவு போடுகிறார். தங்கக் கூண்டு வருது, பண்டிதர்கள் வருகிறார்கள், ஏடுகள் குவிகின்றன. தீனிக்குப் பதில் காகிதத்தையே வாயில் திணிக்கிறார்கள். எல்லாருக்கும் சம்பளம் கிடைக்குது. கிளி மட்டும் செத்துப்போகுது.

இந்தக் கதையை பி.வி.காரந்த் கன்னடத்தில் சிறுவர் நாடகமாக்கினார்.

ஏன் விலங்கு வேடம்?

‘எனக்கு ஸ்கூலுக்குப் போகவே பயமா இருக்கு’ என்று ஒரு பிள்ளையால் நேரடியாகச் சொல்ல முடியாது. ‘கிளிக்கு பயமா இருக்கு’ன்னு சொல்லிடும். மேடையில் இருப்பது ஒரு அக்காதான் என்றும் குழந்தைக்குத் தெரியும். அது கிளி என்றும் நம்பும். இந்த இடைவெளியில்தான் கேலி, அடி, தோல்வி, சாவு போன்ற கனமான விஷயங்களைப் பேச முடிகிறது.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. கழுத்தை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து, மெதுவா ஒரு அடி வெச்சா ஆமை வந்துடும்.

முண்டியம்பாக்கத்துக்கு என்ன சம்பந்தம்?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கும் ஊர் முண்டியம்பாக்கம். சுற்றிலும் தெருக்கூத்து மண். பொய்க்கால் குதிரையும் மயிலாட்டமும் புலி வேஷமும் தமிழ்நாட்டுத் திருவிழாக்களுக்குப் புதுசு இல்லை. கூத்தில் கட்டியங்காரன் ஜனங்களிடம் நேரடியாகப் பேசுவான், கிண்டல் பண்ணுவான். இன்றைய சிறுவர் நாடகமும் அதையேதான் செய்கிறது. புதுச்சேரியில் வேலு சரவணனின் ‘ஆழி’ குழு குழந்தைகளையும் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்வதற்குப் பெயர் பெற்றது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் படிப்பை மறந்த நேரத்தில், 2021 அக்டோபர் 27-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியதும் இதே மாவட்டத்தில்தான், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். அந்தத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக அரசு நம்பியது கலைக்குழுக்களைத்தான்.

வீட்டிலேயே முயற்சி செய்யலாமா?

தாராளமா. மார்ச் 20 உலக சிறுவர் நாடக நாள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று ராத்திரி முயல் - ஆமை கதையைச் சொல்லுங்க. ஆனா ‘இதிலிருந்து என்ன தெரியுது?’ன்னு கேட்காதீங்க. ‘நீ முயலா இருந்தா என்ன பண்ணுவ?’ன்னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்றப்போ குறுக்கே பேசாம இருந்தா போதும்.