தலையில்லாத் திருகாணி

கையின் 27 எலும்புகளுள், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக அமைந்துள்ள படகெலும்பு முறிந்தால் எளிதில் கூடுவதில்லை. அதற்கான குருதியில் பெரும்பகுதி விரல் பக்கத்திலிருந்து முன்கைப் பக்கமாகப் பாய்வதால், இடையில் ஏற்படும் முறிவு முன்கைப் பக்கத் துண்டின் குருதி வரத்தைத் துண்டித்துவிடக்கூடும். மேலும், அதன் மேற்பரப்பில் பெரும்பகுதியைக் குருத்தெலும்பு போர்த்தியிருப்பதால், வழக்கமான திருகாணியைச் செலுத்தினால் அதன் தலை மூட்டினுள் துருத்திக்கொண்டு அண்டை எலும்பைத் தேய்த்துவிடும்.

கதவுக் கீலை நிலையோடு அழுத்திப் பிடிப்பது திருகாணியின் தலைதான். தலையை நீக்கிய பின்னும் அந்த அழுத்தத்தைப் பெறும் வழியை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் டிமோதி ஹெர்பர்ட் கண்டறிந்து, வில்லியம் ஃபிஷருடன் இணைந்து 1984இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவரது திருகாணியின் இரு முனைகளிலும் மரை உண்டு, நடுப்பகுதி வழவழப்பானது. முன்முனையின் மரைச்சுற்றுகள் அகன்ற இடைவெளியிலும் பின்முனையின் சுற்றுகள் நெருக்கமாகவும் அமைந்துள்ளன. முன்மரையின் இடைவெளி 1.25 மி.மீ., பின்மரையினுடையது 1 மி.மீ. எனக் கொண்டால், ஒரு முழுச் சுற்றில் திருகாணி முன்துண்டினுள் 1.25 மி.மீ. நுழையும்போது பின்துண்டினுள் 1 மி.மீ. மட்டுமே முன்னேறுவதால், எஞ்சிய 0.25 மி.மீ. அளவுக்கு இரு துண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கியாக வேண்டும். முறிவுக் கோடு வழவழப்பான நடுப்பகுதியில் அமைந்தால்தான் இவ்வியக்கம் நிகழும் என்பதையும், இறுக்கிய பின் திருகாணி முழுவதும் எலும்பினுள் புதைந்துவிடும் என்பதையும் எண்ணும்போது, இத்துணைச் சிறிய கருவிக்குள் அடங்கிய சிந்தனை வியப்பளிக்கிறது. பிற்காலத்தில், மெல்லிய வழிகாட்டுக் கம்பியின் மீது கோத்துச் செலுத்தும் வகையில் உள்ளே துளையுள்ள வடிவங்களும் வந்தன.

எனினும் எல்லா முறிவுக்கும் திருகாணி தேவைப்படுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 439 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எலும்பின் இடைப்பகுதி முறிந்து, துண்டுகள் 2 மி.மீ.க்கு மேல் விலகாதவர்களுள், உடனடி அறுவை செய்துகொண்டோருக்கும், முதலில் மாவுக்கட்டு போட்டுக் கூடாதபோது மட்டும் அறுவை செய்துகொண்டோருக்கும் இடையே ஓராண்டு முடிவில் மணிக்கட்டின் வலியிலும் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் இவ்விரு வழிகளுக்கும் முறிவு உரிய காலத்தில் கண்டறியப்பட வேண்டும். கையை ஊன்றி விழுந்தவர் அதைச் சுளுக்கென எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது வருந்தத்தக்க வழக்கமாகும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு புலப்படாமலும் போகலாம் என்பதால், கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தோன்றும் குழியை அழுத்தும்போது வலித்தால், படத்தில் ஒன்றுமில்லை என்று அமைதியடையாமல் மறுபரிசோதனையோ எம்.ஆர்.ஐ. படமோ எடுத்துப் பார்ப்பதே முறையாகும்.