இருபத்திரண்டு வருஷம், இரண்டே வரி!

உங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய ஃபைல் இருக்கிறதல்லவா? பள்ளிக்கூட சர்டிபிகேட், காலேஜ் டிகிரி, முதல் உத்தியோகத்துக்கு வந்த நியமன உத்தரவு எல்லாம் அதில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். அழைக்காமலே வந்து நிற்கும் விருந்தாளியைப் போல, அந்த ஃபைலைக் கீழே இறக்க வேண்டிய நாளும் சிலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறது.

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு 2025-ஆம் வருஷம் அப்படி ஒரு நாள் வந்தது. 2003-இல் ஒரு வியாபாரக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தவர் அவர். கம்பெனி தன் சென்னை ஆபீஸை மூடிவிட்டது. அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. பெண் என்ஜினீயரிங் இரண்டாவது வருஷம். வீட்டுக் கடன் இன்னும் பாக்கி. கணவர் ஒருவருடைய சம்பளத்தில் வண்டி ஓடாது.

மாமியாருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று, அக்கா இரண்டு வாரம் வழக்கம்போல எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸுடன் கிளம்பி, எழும்பூர் கன்னிமரா நூல்நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பினார். மூன்றாவது வாரம் மாமியாரே, "லைப்ரரிக்குப் போறதுக்கு டிபன் பாக்ஸ் எதுக்கு? வீட்டிலேயே சூடா சாப்பிடலாமே!" என்றாராம். எதிர் வீட்டுப் பையன் அங்கே பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான்!

ரகசியம் உடைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீ பத்திரிகையிலே எழுதறவளாச்சே, இந்த பயோடேட்டாவைக் கொஞ்சம் பார்த்துக் கொடேன்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

தகப்பனார் பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி, மதம், தெரிந்த பாஷைகள், பொழுதுபோக்கு, 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அனுபவம் என்ற இடத்தில் மட்டும் இரண்டே வரி. ஒன்றில் 'கணக்கு உதவியாளர்'. அடுத்ததில் '2003 முதல் 2025 வரை'.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு இவ்வளவுதானா, அக்கா?"

"வேற என்னத்தை எழுதறது? கணக்கு எழுதினேன், சம்பளம் வாங்கினேன்."

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தினார். "ஏம்மா, அந்த ஜி.எஸ்.டி. வந்த வருஷம் ஆடி மாசம் முழுக்க ராத்திரி பதினோரு மணிக்குத்தானே வீட்டுக்கு வந்தே? அது என்ன, சும்மாவா? கொரோனா வந்தப்போ இந்தச் சாப்பாட்டு மேஜையிலே உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டே?"

"நாற்பது பேருக்கு."

"ஒரு மாசமாவது தவறினதா?"

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "இல்லை" என்றார். பெண் உடனே மடிக்கணினியைத் திறந்தாள். இரவு சாப்பாட்டுக்குள் ஒன்றரைப் பக்கம் நிரம்பிவிட்டது.

மறதி யாருடையது?

சகோதரிகளே, இது அந்த அக்காவின் குறை மட்டும் அல்ல. ஒரே இடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்குப் பொதுவாக வருகிற வியாதி. அங்கே நம்மை எல்லோருக்கும் தெரியும். நாம் யார், என்ன செய்தோம் என்று ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. சொல்லாமலே இருந்து இருந்து நமக்கே மறந்துபோகிறது! புது இடத்துக்காரருக்கோ நம் பதவியின் பெயர் ஒரு அர்த்தமும் தராது. ஒரு கம்பெனியில் 'உதவியாளர்' காபி வாங்கி வருவார். இன்னொன்றில் கம்பெனியையே தாங்கி நிற்பார்.

ஆகையால் பதவியை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். செய்த காரியத்தை எழுதுங்கள். எத்தனை பேருக்கு, எத்தனை ரூபாய்க்கு, எத்தனை நாளில் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். நினைவு வராவிட்டால் வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். நீங்கள் நேரம் கழித்து வந்த இரவுகளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டா வின்சி போட்ட மனு

உத்தியோக மனு எழுதுவதில் லியோனார்டோ டா வின்சி பலே கெட்டிக்காரர். சுமார் 1482-இல், முப்பது வயதில், மிலான் நகரை ஆண்டுவந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு அவர் எழுதிய வேலைக் கடிதத்தின் நகல் இன்றும் இருக்கிறது. வரிசையாகப் பத்து அம்சங்கள். சுலபமாகத் தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கவச வண்டி செய்வேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். சித்திரம் தீட்டுவேன் என்ற சமாச்சாரம் கடைசியில்தான் வருகிறது! பிற்காலத்தில் மோனாலிஸாவை வரையப் போகிறவர் ஏன் அப்படி எழுதினார்? மிலானுக்கு அப்போது வேண்டியிருந்தது பீரங்கி.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நமக்கு எது பெருமையோ அதை அல்ல, அவர்களுக்கு எது தேவையோ அதை மேலே வைக்க வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்தையும் நிதானமாகப் படித்து, அதற்கேற்ப வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் மனுவை முதலில் பார்ப்பது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர். விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறமை உங்களிடம் இருந்தால், அதே வார்த்தையிலேயே எழுதுவது நல்லது. இல்லாததை மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசியாகச் செய்த வேலை முதலில் வரட்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மதம், தகப்பனார் பெயர் போன்றவற்றுக்குத் தனியார் கம்பெனி மனுவில் அவசியமே இல்லை. அந்த இடத்தில் இன்னும் நாலு காரியங்களை எழுதலாம்.

வர வேண்டியதை விடாதீர்கள்

வேலை தேடும் அவசரத்தில், பழைய இடத்திலிருந்து வர வேண்டியதைப் பலர் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவ சர்டிபிகேட்டும் கையில் வாங்குங்கள். கம்பெனி மூடிய பிறகு அவற்றுக்கு அலைவது பெரும் பாடு.

அடுத்தது கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. 1972-ஆம் வருஷச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. பொதுவாக ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. இந்தக் கணக்கில் மாதத்துக்கு 26 நாள். கணக்குக்கு உரிய கடைசிச் சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு 15,000; இருபத்திரண்டு வருஷத்துக்கு 3,30,000 ரூபாய்! விட்டுவிடக்கூடிய தொகையா இது?

பிராவிடண்ட் ஃபண்டுக்கு 2014 முதல் யு.ஏ.என். என்ற ஒரே எண் இருக்கிறது. புது இடத்திலும் அதே எண்ணைக் கொடுத்துப் பழைய பணத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம். கைச்செலவுக்கு என்று அதில் கை வைக்க நினைக்குமுன் ஒரு முறை யோசியுங்கள்.

"ஒரே இடத்திலேயா?"

மாடி வீட்டு அக்கா பதினொரு மனுக்கள் போட்டார். எட்டுக்குப் பதிலே இல்லை. இரண்டில், வயதைக் கேட்டுக்கொண்டு அப்புறம் கூப்பிடவில்லை. பதினொன்றாவது, பழைய ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி போனில் சொன்ன இடம். அங்கே இன்டர்வியூ செய்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வருஷமும் ஒரே இடத்திலேயா இருந்தீங்க, மேடம்?" என்று கேட்டாராம்.

அக்கா சொன்ன பதில் இது: "இடம் ஒண்ணுதான் சார். ஆனா நான் சேர்ந்தப்போ விற்பனை வரி. 2007-லே வாட் வந்தது. 2017-லே ஜி.எஸ்.டி. வந்தது. மூணுக்கும் அந்தக் கம்பெனிக் கணக்கை நான்தான் மாத்தினேன். அபராதம்னு ஒரு ரூபாய் கட்டினதில்லை."

வேலை கிடைத்தது. அம்பத்தூரில். சம்பளம் முன்னைவிட நாலாயிரம் குறைவு. இரண்டு பஸ் மாற வேண்டும். "பரவாயில்லை, வீட்டுக் கடன் தவணை தப்பிச்சது" என்றார் அக்கா.

பழைய ஃபைல் இப்போது பட்டுப் புடவைக்கு அடியில் இல்லை. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து ஷெல்பில் இருக்கிறது. ஒவ்வொரு போகிக்கும் வீட்டைச் சுத்தம் செய்கையில், அந்த வருஷம் செய்த காரியங்களை நாலு வரி எழுதி அதில் சேர்த்துவிட வேண்டும் என்பது மாமியாரின் உத்தரவு.

உங்களுக்கு உத்தியோகம் உறுதியாக இருக்கட்டும்; நல்லதுதான். ஆனால் அந்த நாலு வரியை எழுத, வேலை போகும்வரை காத்திருப்பானேன்? இன்று சாயங்காலமே ஃபைலைக் கீழே இறக்குங்கள். தூசி தட்டும்போது கொஞ்சம் தும்மல் வரும். அவ்வளவுதான்!