தலைப்பெழுத்தும் வைப்பு நிதியும்

தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வந்து குடியேறிய நம் முன்னோர் கொண்டுவந்த முதல் யாது என்று கேட்டால், சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் என்று தயக்கமின்றி விடை கூறலாம். சென்னை அரசாங்கத்தார் நடத்திய லோயர், ஹையர் பரீட்சைகளில் தேறிய சான்றிதழ், யாரேனும் ஒரு பெரியவரிடமிருந்து பெற்ற அறிமுகக் கடிதம், மாதுங்காவிலோ கரோல்பாக்கிலோ உறவினர் வீட்டில் படுத்துறங்க ஒரு மூலை, இவற்றை நம்பியே பலர் ரயிலேறினர். குமாஸ்தாவாக ஓர் ஆபீஸில் நுழைந்தவர் அதே ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றார். அவருடைய பெயரை எவ்வாறு எழுதுவது என்பது அந்த ஆபீஸின் பதிவேடு ஒன்றைப் பொறுத்த விஷயமாக இருந்தது. முப்பது ஆண்டுகள் அவரை நேரில் கண்டு பழகிய கணக்கர், ஓர் எழுத்து முன்பின்னாக இருந்த காரணத்தால் அவருக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்திவைத்தாரில்லை.

இன்று நம் பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை பணி மாறுகின்றனர். இதைக் குறை கூறும் பெரியோர்களோடு நாம் முற்றிலும் உடன்படவில்லை. ஊதியம் உயர்வதற்கும் புதிய வேலையைக் கற்பதற்கும் பல தொழில்களில் இன்று அதுவே வழியாகிவிட்டது. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. ஒரே ஆபீஸில் இருந்தவருக்காக அந்த ஆபீஸ் செய்துவந்த காரியங்களை, பல ஆபீஸ்களில் பணிபுரிவோர் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றுள் தலையாயது வைப்பு நிதிக் கணக்கு. அதில் தமிழருக்கே உரிய இடையூறு நம்முடைய தலைப்பெழுத்து.

முருகன் என்று ஓர் இளைஞரை உதாரணத்திற்காக வைத்துக்கொள்வோம். தந்தையார் பெயர் குப்புசாமி. பள்ளிச் சான்றிதழில் அவர் 'கு. முருகன்'. வருமான வரித் துறையின் பான் அட்டைக்கு விண்ணப்பித்தபோது, அங்குத் தலைப்பெழுத்தை அப்படியே எழுத இடமில்லை, விரித்தெழுத வேண்டும் என்பதால், 'முருகன் குப்புசாமி' ஆனார். ஆதார் அட்டையை எழுதியவர் கேட்ட மாத்திரத்தில் 'முருகன் கு' என்று பதிந்துவிட்டார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இடுபெயருக்கு ஒரு கட்டம். மகாராஷ்டிரத்து ஆபீஸில் மூன்று கட்டங்கள்: தன் பெயர், தந்தை பெயர், குலப்பெயர். மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்க மறுக்கிறது. ஆதலின் அங்கே ஊர்ப் பெயரோ வேறெதுவோ வந்து அமர்கிறது. ஆபீஸில் எல்லோரும் அவரை 'மிஸ்டர் குப்புசாமி' என்று அழைக்க, ஊரில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் தந்தையார்தான் உத்தியோகம் பார்ப்பதாகத் தோன்றும். இது வேடிக்கையாகவே நின்றுவிட்டால் கவலையில்லை.

நம்மவர் பி.எஃப். என்று சுருங்கச் சொல்லும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, 1952-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பொதுவாக, அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் 100-க்கு 12 வீதம் தொழிலாளியும், அதே அளவு முதலாளியும் செலுத்துகின்றனர். பழைய முறையில் ஆபீஸ் மாறுந்தோறும் புதிய கணக்கு எண் தோன்றும். பழையது எங்கோ கிடக்கும். இதை மாற்றவே 2014-ஆம் ஆண்டில் ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் ஒரே 12 இலக்க எண் என்னும் ஏற்பாடு வந்தது. யு.ஏ.என். என்பது அதுவே. புதிய ஆபீஸில் சேரும்போது அந்தப் பழைய எண்ணையே கொடுத்தால் கணக்குகள் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக நிற்கும். 'எண் ஞாபகம் இல்லை' என்று கூறிப் புதிதாக ஓர் எண் பெறுவோர் தம் வாழ்நாட் சேமிப்பைத் தாமே இரண்டு துண்டாக்கிக் கொள்கின்றனர். அந்த எண் ஆதாரோடு இணைந்தது. நிதியின் ஏட்டிலுள்ள பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவை ஆதாரோடு ஒத்திருக்கவேண்டும். 'கு. முருகனும்' 'முருகன் குப்புசாமியும்' ஒருவரே என்பதை நாம் அறிவோம், கணினி அறியாது.

துண்டானால் நேரும் நஷ்டம் என்ன? முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, ஊதியத்தில் 100-க்கு 8.33 வீதம் ஓய்வூதியத் திட்டத்திற்குப் போகிறது. 2014 செப்டம்பரில் இதற்கு வரம்பாக வைத்த ஊதியம் 15,000 ரூபாய். அதற்குப் பின் அவ்வரம்புக்கு மேற்பட்ட ஊதியத்தில் முதன்முதலாகப் பணியில் சேர்ந்தோருக்கு இந்தப் பகுதி இல்லை. அவர்களுக்கு முழுப் பங்கும் நிதியிலேயே சேரும். ஆனால் கடையிலும் பட்டறையிலும் கணக்கு எழுதும் இடத்திலும் சிறு ஊதியத்தில் தொடங்கியோர் நம்மிடையே குறைவல்லர். அவர்களுக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். புனேயில் 4 ஆண்டு, மும்பையில் 3 ஆண்டு, குருகிராமில் 5 ஆண்டு உழைத்த ஒருவருக்கு, கணக்குகள் இணைந்திருந்தால் மொத்தம் 12 ஆண்டு. அவர் ஓய்வூதியத்திற்கு உரியவர். இணையாமல் மூன்றும் தனித்தனியே கிடந்தால் ஒன்றேனும் பத்தைத் தொடவில்லை. 15,000 ரூபாய் ஊதியத்தை 12 ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,571 ரூபாய். பெருந்தொகையன்று என்பது உண்மையே. எனினும் உழைத்துச் சேர்த்ததை ஓர் எழுத்தின் பொருட்டு விட்டுவிடுவதற்கு நியாயம் ஏதுமில்லை. பணி மாறும்போது பணத்தையெல்லாம் எடுத்துவிடும் வழக்கத்தையும் நாம் ஆதரிக்கவில்லை. ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

இதனினும் கடுமையான விஷயம் குடும்பத்தைப் பற்றியது. பணியிலிருக்கும்போதே ஒருவர் காலமானால் நிதியும், மனைவிக்கு ஓய்வூதியமும், அத்தோடு 7 லட்சம் ரூபாய் வரையில் காப்புத் தொகையும் கிடைக்க வழி இருக்கிறது. இவ்வளவு இருக்கிறது என்பதையே பல வீடுகளில் மனைவிமார் அறியார். திருமணத்துக்கு முன் எழுதிய நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாக எழுதவேண்டும் என்பது நிதியின் விதி. தாயார் பெயரை எழுதிவிட்டு அதோடு மறந்தவர்கள் எத்தனை பேர்! மனைவியின் பெயரோ இன்னும் சிக்கலானது. பிறந்த வீட்டில் 'கோ. கமலா', புகுந்த வீட்டில் 'மு. கமலா'; வங்கிக் கணக்கில் 'கமலா முருகன்'; அண்டை வீட்டாருக்கு வெறும் 'திருமதி முருகன்'. துக்கம் ஆறாத நாட்களில் ஒரு பெண்மணி, மொழி தெரியாத ஆபீஸ் படிகளில் ஏறி, இந்நால்வரும் தானே என்று பிரமாணப் பத்திரம் எழுதி மெய்ப்பிக்கும் நிலை வரவேண்டாம்.

திருத்தும் வழி முன்னைவிட இப்போது எளிது. 2025 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி, 2017 அக்டோபர் 1-க்குப் பின் ஆதாரைக் கொண்டு எண் பெற்றவர்கள் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், பணியில் சேர்ந்த தேதி முதலியவற்றை நிதியின் இணையதளத்தில் தாமே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்திய எண்ணாயின் முதலாளியின் ஒப்புதல் வேண்டும். ஆதலால் பணியில் இருக்கும்போதே திருத்துவது நலம்; விட்டு வந்தபின் பழைய ஆபீஸின் கதவைத் தட்டுவது கடினம், அந்த ஆபீஸே மூடிவிட்டால் இன்னும் கடினம். பணியை விட்ட தேதி பதிவாகாமல் இருந்தாலும் கணக்கு நகராது. முதலாளி அதைப் பதியாவிடில், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் நாமே பதிந்துகொள்ள 2020 முதல் வசதி உண்டு.

பணிக்கொடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராஜுவிட்டி என்னும் இத்தொகைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர்ப்பணி தேவை. கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்குரியது. 52,000 ரூபாய் அடிப்படை ஊதியமாயின் ஆண்டுக்கு 30,000. ஐந்தாண்டுக்கு ஒன்றரை லட்சம். நாலே முக்கால் ஆண்டு பணிபுரிந்து, புதிய இடத்தில் சற்றே கூடிய ஊதியத்தைக் கண்டு ராஜிநாமாக் கடிதம் நீட்டுவோர், சற்றே காலண்டரைப் புரட்டிப் பார்க்கலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் பணிபுரிவோர்க்கு ஓராண்டே போதும். எல்லாத் தொழிலாளர்க்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பதும் அத்தொகுப்புகளின் விதி. அக்கடிதத்திலுள்ள பெயரையும் ஆதாரிலுள்ள பெயரையும் சேர்ந்த அன்றே ஒத்துப் பாருங்கள்.

இனி, எந்தப் பெயரை நிலைநிறுத்துவது? தலைப்பெழுத்தைக் கைவிட்டு வடநாட்டார் போலக் குலப்பெயர் சூடிக்கொள்வதே தீர்வு என்பார் சிலர். நமக்கு அதில் உடன்பாடில்லை. சாதியைப் பெயரோடு ஒட்டிக்கொள்ளாத வழக்கம் நம்மவர் பெருமையோடு கொண்டது. ஒரு விண்ணப்பத்தின் கட்டத்துக்காக அதைத் துறக்க வேண்டியதில்லை. தன் பெயரை முதலிலும் தந்தையார் பெயரை அடுத்தும் விரித்தெழுதி, ஆதார், பான், வங்கி, கடவுச்சீட்டு, வைப்பு நிதி எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்துக்கோவை உட்பட ஒரே மாதிரியாக வைத்துக்கொண்டால் போதும். தலைப்பெழுத்து திருமண அழைப்பிதழிலும் சங்கத்துச் சந்தா ரசீதிலும் வழக்கம்போல் இருக்கட்டும்.

தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ள விரும்பும் குடும்பங்களுக்கும் இதே முறை பொருந்தும். மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் பெயர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பதிவாகின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னர் அச்சேறுவது அங்கே எழுதப்பட்ட பெயரே. அந்தப் படிவம் பெற்றோரின் பார்வைக்கு வரும்போது, பிள்ளையின் ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டுகிறோம்.