கல்லைப் படிக்கும் ஒளிப்படம்

தென்சென்னையில் பல்லாவரத்திற்கு மேற்கே அமைந்த சிறு குன்று திருநீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளும் குன்றின்மேல் அரங்கநாதரும் எழுந்தருளியுள்ள இத்தலம் நூற்றெட்டுத் திவ்வியதேசங்களுள் ஒன்று. இதனை வழிபட வருவோர் இங்குக் காணும் கரும்பாறையின் வயதை எண்ணிப் பார்ப்பது அரிது. பல்லாவரத்தைச் சூழ்ந்த குன்றுகளின் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது. நிலத்தின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இதனைச் 'சார்னோக்கைட்' என்பர்.

1893இல் இப்பெயரைச் சூட்டியவர் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலறிஞர். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது. அவர் பெயரே பாறைக்கும் ஆயிற்று. பரங்கிமலைப் பகுதியின் சார்னோக்கைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகத் திகழ்கிறது.

பாலைநிலத்து மணற்பாறையைப் படமெடுப்போருக்கு அதன் செந்நிறமும் வரிவரியான அடுக்குகளும் துணைசெய்கின்றன. சார்னோக்கைட்டில் அத்தகைய படிவு அடுக்குகள் இல்லை. புதிதாக உடைந்த முகம் நீலங்கலந்த சாம்பல் நிறத்திலும், வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பு நிறத்திலும் இருக்கும். இதன் வடிவை நிழலே புலப்படுத்துகிறது. உச்சிவேளையில் நிழல் குறுகுவதால் பாறைப்பரப்பின் மேடுபள்ளங்கள் மறைகின்றன. காலை, மாலைச் சாய்வொளியில் வெடிப்புகளும் உரிந்த மேலோடுகளும் தெளிவாகின்றன.

ஒளிப்படக்கருவி பொதுவாகக் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி ஒளியை அளக்கும். கரும்பாறை சட்டகத்தை நிறைத்தால் படம் வெளிறிவிடும். ஆதலால், கருவி ஏற்கும் ஒளியைச் சற்றுக் குறைத்தல் வேண்டும். பாறையருகே அளவுகோலோ நாணயமோ இல்லையெனில், விரலளவு வெடிப்பும் ஆளுயரப் பிளவும் ஒன்றுபோலத் தோன்றும். இடம், நாள், திசை ஆகியன குறிக்கப்பெற்ற படமே ஆய்வுக்கு உதவும். நிறத்தை மிகைப்படுத்திய படம் கண்ணைக் கவரலாம், சான்றாகாது.

சான்றின் மதிப்பைக் காலம் உணர்த்துகிறது. 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த ஒளிப்படங்கள் மதுரை யானைமலையின் அன்றைய தோற்றத்தை இன்றும் காட்டுகின்றன. பல்லாவரம், திரிசூலம் வட்டாரத்திலோ கல்லுடைப்பால் குன்றுகள் வடிவிழந்தன. கைவிடப்பட்ட கல்குவாரிகளில் நீர் தேங்கி நிற்கிறது. வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கலாம். உடைத்த குன்று வளர்வதில்லை. எஞ்சியுள்ள பாறைமுகங்களை ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து, ஒரே வேளையில் படமெடுத்து ஒப்பிட்டால், இழப்பு நேரும்போதே அதனைக் கண்டறியலாம். அதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் போதும்.